மறதிநோய் ஆய்வில் சமூக, சூழல் தாக்கங்களை அளவிடுதல்: அளவுகோல்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மறதிநோய் (டிமென்ஷியா) மூளையின் உயிரணு மாற்றங்களால் மட்டும் விளக்கப்படும் நோயன்று. கல்வி, வருவாய், வாழிடம், காற்றின் தரம், சமூகத் தொடர்பு முதலிய நிலைமைகள் அந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. எனினும், அந்நிலைமைகளை எவ்வாறு அளப்பது என்பதில் ஆய்வுலகம் இன்னும் தெளிவடையவில்லை. லான்செட் ஆணையத்தின் அறிக்கைகள், அமெரிக்காவில் பயன்படும் பகுதி வறுமைச் சுட்டெண், பள்ளிக் கல்வியாண்டுகள் என்னும் மாறி, 10/66 மறதிநோய் ஆய்வுக்குழு இந்தியா உள்ளிட்ட நாடுகளில் நடத்திய கள ஆய்வு, இந்தியாவின் லாசி-டாட் ஆய்வு ஆகியவற்றை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. சமூகச் சூழல் நோயின் காரணியாக இருப்பதோடு, நோயைக் கண்டறியும் கருவிக்குள்ளும் இடம்பெற்றுள்ளது. இவ்விரண்டையும் பிரித்தறியாத அளவீடு, எளிய மக்களின் நோயை ஓரிடத்தில் மறைக்கும், வேறோரிடத்தில் மிகைப்படுத்தும் என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

குறிச்சொற்கள்: மறதிநோய், அல்சைமர் நோய், நலவாழ்வின் சமூக நிர்ணயிகள், பகுதி வறுமைச் சுட்டெண், 10/66 ஆய்வுக்குழு, லாசி-டாட், அறிதிறன் சோதனை, தகவலாளர்.

1. முன்னுரை

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021-இல் உலகில் 5.7 கோடிப் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் 60 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். நோயாளரில் பெரும்பான்மையினர் ஒரு பக்கமும், நோயை அளக்கும் கருவிகளில் பெரும்பான்மையானவை மறு பக்கமும் இருக்கும் நிலையே இத்துறையின் அடிப்படைச் சிக்கல்.

நலவாழ்வின் சமூக நிர்ணயிகள் என்னும் கருத்தாக்கம் மைக்கேல் மார்மட் தலைமையில் உலக சுகாதார அமைப்பு 2005-இல் அமைத்த ஆணையத்தின் வழியே பெருவழக்காயிற்று. அவ்வாணையத்தின் இறுதி அறிக்கை 2008-இல் வெளிவந்தது. அமெரிக்க அரசின் 2030-ஆம் ஆண்டுக்கான நலவாழ்வுத் திட்டம் இந்நிர்ணயிகளைப் பொருளாதார நிலைத்தன்மை, கல்வி, மருத்துவ வசதி, வாழிடச் சூழல், சமூகத் தொடர்பு என ஐந்து களங்களாகப் பகுக்கிறது. மறதிநோய் ஆய்வுகளும் இக்களங்களை ஒட்டிய வினாக்களைத் தம் படிவங்களில் சேர்த்து வருகின்றன.

வினாக்களைச் சேர்ப்பது எளிது. அவற்றால் கிடைக்கும் எண் எதைக் குறிக்கிறது என்பதை நிறுவுவதே கடினம். தாக்கத்தை ஆராயும் ஒவ்வோர் ஆய்வும் இரண்டு அளவீடுகளைச் செய்கிறது. ஒன்று, ஒருவர் வாழ்ந்த நிலைமையை அளப்பது. மற்றொன்று, அவருக்கு நோய் உள்ளதா என்பதை அளப்பது. ஓர் அளவீட்டின் பிழை மற்றொன்றில் கலவாதிருந்தால்தான் அவற்றிடையே காணப்படும் தொடர்பைக் காரண காரியத் தொடர்பாகக் கொள்ளமுடியும். மறதிநோய் ஆய்வில் இந்நிபந்தனை எந்த அளவிற்கு நிறைவேறுகிறது என்பதை இக்கட்டுரை முதலில் தாக்கத்தின் பக்கத்திலிருந்தும், பின்னர் நோயின் பக்கத்திலிருந்தும் ஆராய்கிறது.

2. காரணிப் பட்டியலும் விழுக்காடும்

மறதிநோய்த் தடுப்பு குறித்த லான்செட் ஆணையம் 2017-இல் 9 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றை நீக்கினால் ஏறத்தாழ 35 விழுக்காட்டு நோயைத் தவிர்க்கவோ தாமதப்படுத்தவோ இயலும் எனக் கணித்தது. 2020-இல் மிகுதியான மதுப்பழக்கம், தலைக்காயம், காற்று மாசு ஆகியவை சேர்ந்து காரணிகள் 12 ஆயின. விழுக்காடு 40 ஆனது. 2024-இல் நடுவயதில் மிகும் கெட்ட கொழுப்பும் சிகிச்சை பெறாத பார்வைக் குறைவும் சேர, 14 காரணிகளுக்கு 45 விழுக்காடு எனக் கணிக்கப்பட்டது.

மறதிநோய் முதுமையின் தவிர்க்கவியலாத விளைவு என்னும் எண்ணத்தை அசைத்ததில் இவ்வறிக்கைகளின் பங்கு பெரிது. எனினும் அளவீட்டு நோக்கில் மூன்று வினாக்கள் எழுகின்றன.

முதலாவது, பட்டியலின் இயல்பு பற்றியது. பதினான்கு காரணிகளுள் கல்விக் குறைவு, சமூகத் தனிமை, காற்று மாசு ஆகிய மூன்றே வெளிப்படையாகச் சமூக, சூழல் சார்ந்தவை. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல் போன்றவை தனிமனிதரின் உடலிலோ பழக்கத்திலோ வைத்து எண்ணப்படுகின்றன. இவை யாருக்கு வருகின்றன, வந்தபின் யாருக்கு மருந்து தடையின்றிக் கிடைக்கிறது என்பனவற்றை வருவாயும் வாழிடமும் தீர்மானிக்கின்றன. அந்த மேல்நிலைக் காரணிகளுக்குப் பட்டியலில் தனியிடம் இல்லை. சாதியோ, நிலவுடைமையோ, தொழிலின் தன்மையோ அங்கே வாரா. அவை தாக்கமற்றவை என்பதால் இவ்வாறு நேரவில்லை. பல நாடுகளில் ஒரே முறையில் அளந்து தொகுக்கத்தக்கவையே இத்தகைய பட்டியலில் நுழைய முடிகிறது.

இரண்டாவது, விழுக்காட்டின் பெயர்வு பற்றியது. 2019-இல் வெளிவந்த முகதம் முதலானோரின் ஆய்வு 2017-ஆம் ஆண்டின் 9 காரணிகளைக் கொண்டு, தவிர்க்கத்தக்க பங்கை இந்தியாவுக்கு 41 விழுக்காடு, சீனாவுக்கு 40 விழுக்காடு, இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு 56 விழுக்காடு எனக் கணித்தது. காரணிகள் எவ்வளவு பரவியுள்ளன என்னும் தரவு அந்தந்த நாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. ஒவ்வொரு காரணியும் நோய்வாய்ப்பை எத்தனை மடங்கு உயர்த்துகிறது என்னும் எண்ணோ எல்லா நாடுகளுக்கும் பொதுவானது. அது பெரிதும் வளர்ந்த நாடுகளின் ஆய்வுகளிலிருந்து பெறப்பட்டது. பள்ளிக்குச் செல்லாதவர் அரிதாக உள்ள சமூகத்தில் கல்வியின்மை குறிக்கும் நிலைமை வேறு. ஒரு தலைமுறையின் பெரும்பான்மைப் பெண்கள் பள்ளிக்குச் செல்லாத சமூகத்தில் அது குறிக்கும் நிலைமை வேறு. இரண்டுக்கும் ஒரே மடங்கைப் பயன்படுத்துவது ஓர் ஊகமேயன்றி அளவீடன்று.

மூன்றாவது, செவித்திறன், பார்வை ஆகிய காரணிகள் பற்றியது. 2024-ஆம் ஆண்டின் கணிப்பில் செவித்திறன் இழப்பின் பங்கு 7 விழுக்காடு. அறிதிறன் சோதனைகள் பெரும்பாலும் வாய்மொழியாகக் கேட்கப்படுகின்றன. சில படங்களைக் காட்டிக் கேட்கப்படுகின்றன. சொற்களைச் சரியாகக் கேட்காதவர் அவற்றை நினைவிலிருந்து திருப்பிச் சொல்ல இயலாது. கண்புரை முற்றியவர் படத்தைப் பெயரிட இயலாது. இங்கே காரணி நோயை உண்டாக்குகிறதா, மதிப்பெண்ணைக் குறைக்கிறதா என்னும் ஐயம் எழுகிறது. கவனமான ஆய்வுகள் இதனைக் கட்டுப்படுத்த முயல்கின்றன. ஆயினும் செவிக்கருவியும் கண்புரை அறுவையும் எட்டாத மக்களிடையே இவ்வையம் வலுவாகவே நிற்கிறது.

3. வாழிடத்தை அளத்தல்

தனிமனிதரின் வருவாயையும் கல்வியையும் தாண்டி அவர் வாழும் இடத்தின் தன்மையை அளக்கும் முயற்சியில் அமெரிக்காவின் பகுதி வறுமைச் சுட்டெண் முதன்மையானது. கோபால் சிங் 2003-இல் உருவாக்கிய அடிப்படையை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஏமி கைண்ட் குழுவினர் புதுப்பித்து, நாடு முழுமைக்குமான வரைபடமாக வெளியிட்டனர். வருவாய், கல்வி, வேலைவாய்ப்பு, வீட்டின் தரம் ஆகியவை சார்ந்த 17 குறியீடுகளைக் கொண்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சிறு வட்டாரம் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 100 வரை ஒரு தரவரிசை எண் தரப்படுகிறது.

இச்சுட்டெண்ணைப் பயன்படுத்தி 2020-இல் வெளிவந்த பவல் முதலானோரின் ஆய்வு குறிப்பிடத்தக்கது. இரண்டு ஆய்வு மையங்களுக்கு மூளைதானம் செய்த 447 பேரின் மூளைத்திசுக்களை ஆராய்ந்ததில், மிக வறிய பத்தில் ஒரு பங்கு வட்டாரங்களில் வாழ்ந்தோரிடம் அல்சைமர் நோய்க்குரிய திசு மாற்றம் இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 2.18 எனக் கண்டறியப்பட்டது. நோயை வினாத்தாள் வழி அளவாமல் திசுவிலேயே அளந்தது இவ்வாய்வின் வலிமை.

ஆயினும் தாக்கத்தின் பக்கத்தில் இரண்டு குறைகள் உள்ளன. ஒன்று, காலம். இத்தகைய ஆய்வுகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பதிவேட்டிலுள்ள இறுதி முகவரியே. அல்சைமர் நோயின் மூளை மாற்றங்கள் மறதி வெளிப்படுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குகின்றன. நோயுற்றவர் மகள் வீட்டிற்கோ, மகன் பணிபுரியும் நகருக்கோ, காப்பகத்திற்கோ இடம்பெயர்வது இயல்பு. அப்படியாயின் இறுதி முகவரி நோயின் காரணத்தைக் காட்டுவதற்கு மாறாக அதன் விளைவைக் காட்டக்கூடும்.

மற்றொன்று, சுட்டெண்ணின் உள்ளமைப்பு. ஹெல்த் அஃபேர்ஸ் இதழில் 2023-இல் வெளிவந்த ஹன்னன் முதலானோரின் திறனாய்வு, 17 குறியீடுகளும் பொது அலகுக்கு மாற்றப்படாமல் கூட்டப்படுவதால், டாலரில் அளக்கப்படும் வீட்டு மதிப்பும் வருவாயும் ஏனையவற்றை அமுக்கிவிடுகின்றன எனச் சுட்டியது. இதனால் வீட்டு விலை உயர்ந்த நியூயார்க் போன்ற நகரங்களில் நோயும் வறுமையும் மிகுந்த வட்டாரங்கள்கூட வறுமை குறைந்தனவாகத் தோன்றுகின்றன. சுட்டெண்ணின் பெயர் வறுமையைக் குறித்தாலும் அது பெருமளவில் அளப்பது வீட்டுச் சந்தையை.

இத்தகைய சுட்டெண்ணை இந்தியாவில் உருவாக்க முயல்வோர் எதிர்கொள்ள வேண்டிய இடர்கள் வேறு. 2021-இல் நடைபெற வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உரிய காலத்தில் நடைபெறாமையால் ஆய்வாளர்கள் 2011-ஆம் ஆண்டுத் தரவையே நெடுங்காலம் சார்ந்திருக்க நேர்ந்தது. அதனினும் அடிப்படையானது அலகு பற்றிய சிக்கல். தமிழகக் கிராமங்கள் பலவற்றில் ஊரும் சேரியும் தனித்தனியே அமைந்துள்ளன. குடிநீர், சாலை, பள்ளியின் தொலைவு, வேலையின் தன்மை யாவும் தெருவுக்குத் தெரு வேறுபடும். அங்கே கிராமத்தை ஓர் அலகாகக் கொண்டு சராசரி காண்பது, அளக்க வேண்டிய வேறுபாட்டையே அழித்துவிடும்.

காற்று மாசின் அளவீடும் இதே தன்மையது. உலக சுகாதார அமைப்பு 2021-இல் நுண்துகளுக்கான ஆண்டுச் சராசரி வரம்பைக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என நிர்ணயித்தது. இந்தியாவின் வரம்பு 40 மைக்ரோகிராம். பெருந்தொகை ஆய்வுகள் செயற்கைக்கோள் வழி மதிப்பிட்ட வெளிக்காற்றின் அளவை முகவரியோடு இணைக்கின்றன. முப்பது, நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் சமைத்த பெண்ணுக்கும், அதே வீட்டில் திண்ணையில் அமர்ந்திருந்த அவர்தம் கணவருக்கும் அக்கணக்கு ஒரே எண்ணைத் தருகிறது. அடுப்பின் வகை, சமையலறைக்குப் புகைபோக்கி இருந்ததா, எரிவாயு அடுப்பு எந்த ஆண்டு வந்தது ஆகிய எளிய வினாக்கள் அவ்விடைவெளியைப் பெரிதும் குறைக்கும்.

4. சமூகத் தொடர்பும் காலத்திசையும்

சமூகத் தனிமை நோய்க்கு முந்தையதா, பிந்தையதா என்பது நெடுநாளைய வினா. பிரித்தானிய அரசுப் பணியாளர்களைப் பின்தொடர்ந்த இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்வின் 10,228 பேர் தரவைக் கொண்டு 2019-இல் சம்மர்லாட் முதலானோர் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு வழி காட்டியது. 60 வயதில் நண்பர்களோடு அடிக்கடி தொடர்பு கொண்டிருந்தோருக்குப் பின்னாளில் மறதிநோய் வாய்ப்புக் குறைந்திருந்தது. உறவினரோடு கொண்ட தொடர்பில் அத்தகைய தெளிவான பயன் காணப்படவில்லை. நோய் வெளிப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே அளந்தமையால் இம்முடிவு மதிப்புடையதாகிறது.

எனினும் 'எத்தனை முறை சந்தித்தீர்' என்னும் வினா எல்லாச் சமூகங்களிலும் ஒன்றையே அளப்பதில்லை. கூட்டுக்குடும்பத்தில் ஆறு பேர் நடுவே வாழும் மூதாட்டி, எண்ணிக்கை அடிப்படையில் தனிமையற்றவர். அவரிடம் ஒரு நாளில் யாரேனும் கருத்துக் கேட்டனரா, அவர் வீட்டை விட்டுத் தனியே வெளியே செல்ல முடிகிறதா என்பனவற்றை அவ்வெண் சொல்லாது. உறவும் நட்பும் வெவ்வேறு பயன் தருகின்றன என ஒயிட்ஹால் ஆய்வே உணர்த்தும்போது, வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையைச் சமூகத் தொடர்பின் அளவாகக் கொள்வது பொருந்தாது.

5. பள்ளியாண்டுகள் என்னும் மாறி

மறதிநோய் ஆய்வில் மிகுதியும் பயன்படும் சமூக மாறி கல்வியாண்டுகள். இது எளிதில் கேட்கவும் எண்ணவும் தக்கது. ஆனால் ஓர் ஆண்டுக் கல்வி எங்கும் ஒரே அளவினதன்று.

அமெரிக்காவில் ஜெனிபர் மேன்லி குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதனை நிறுவியது. ஒரே எண்ணிக்கையிலான ஆண்டுகள் பயின்ற கறுப்பின, வெள்ளையின முதியோரின் சோதனை மதிப்பெண்களில் வேறுபாடு இருந்தது. அவர்களின் வாசிப்புத் திறனைக் கணக்கில் கொண்டபோது அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்தது. அம்முதியோரில் பலர் இனப்பிரிவினை நிலவிய தென்மாநிலப் பள்ளிகளில் பயின்றவர்கள். அங்கே கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிக்குக் குறைந்த நிதியும் குறைந்த வேலை நாட்களும் ஒதுக்கப்பட்டன. 'இனம்' என்னும் கட்டத்தில் பதிவான வேறுபாடு உண்மையில் பள்ளியின் தரத்திலிருந்த வேறுபாடு.

கல்வி மூன்று வழிகளில் முடிவைப் பாதிக்கிறது. அது நோய்வாய்ப்பையே மாற்றக்கூடும். மூளையில் மாற்றம் நேர்ந்த பின்னும் அறிகுறி வெளிப்படுவதைத் தள்ளிப்போடக்கூடும். இதனை யாகோவ் ஸ்டெர்ன் அறிதிறன் இருப்பு என்னும் கருத்தால் விளக்கினார். 872 பேரின் மூளைத்திசுக்களைத் தொகுத்து 2010-இல் வெளிவந்த எக்லிப்ஸ் ஆய்வும், கல்வி மிகுந்தோரிடம் திசு மாற்றம் குறைவாக இல்லை, ஆனால் அதே அளவு மாற்றத்துடன் மறதிநோய் வெளிப்படுவது குறைவாக இருந்தது எனக் கண்டது. மூன்றாவதாக, கல்வி சோதனை எழுதும் பழக்கத்தையே தருகிறது. எழுதுகோல் பிடித்துப் பழகாத கைக்கு, ஃபோல்ஸ்டீன் 1975-இல் வெளியிட்ட 30 மதிப்பெண் சோதனையில் உள்ள ஐங்கோணப் படத்தைப் பார்த்து வரைவது நினைவுச் சோதனை ஆகாது. ஆடி அமாவாசை கழிந்து மூன்று நாளாயிற்று என்பதைச் சரியாகச் சொல்லும் முதியவர், ஆங்கிலத் தேதி தெரியாமையால் மதிப்பெண் இழக்கக்கூடும். 1951-இல் இந்தியாவின் எழுத்தறிவு 18.33 விழுக்காடு, பெண்களிடையே 8.86 விழுக்காடு. இன்று எண்பதைக் கடந்தோர் அந்தச் சூழலில் பள்ளிப்பருவத்தை அடைந்தவர்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இதற்குத் தீர்வாகக் கல்விக்கேற்ப மதிப்பெண் எல்லையைத் தாழ்த்தும் வழக்கம் உண்டு. அதிலும் ஓர் இடர் இருக்கிறது. கல்வியின்மை உண்மையிலேயே நோய்வாய்ப்பைக் கூட்டுமானால், எல்லையைத் தாழ்த்துவது அக்கூடுதல் நோயையும் சேர்த்து மறைத்துவிடும். அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீக்கில் விளையாடித் தலைக்காயமுற்றோருக்கான இழப்பீட்டு வழக்கு இதற்குச் சான்று. மறதிநோய் இழப்பீட்டுக்கான மதிப்பீட்டில் கறுப்பின வீரர்களுக்குத் தனி எல்லை பயன்படுத்தப்பட்டது. அவர்களின் இயல்பான அறிதிறனே குறைவு என்னும் அனுமானம் அதில் அடங்கியிருந்ததால், அதே மதிப்பெண் பெற்ற கறுப்பின வீரர் நோயற்றவர் எனக் கருதப்பட்டு இழப்பீடு பெறுவது கடினமாயிற்று. முன்னாள் வீரர்கள் 2020-இல் வழக்குத் தொடுத்ததை அடுத்து, இம்முறையைக் கைவிடுவதாக 2021-இல் லீக் அறிவித்தது. நேர்மை கருதிச் செய்யப்படும் திருத்தமும் யாருடைய இழப்பை இயல்பெனக் கொள்கிறது என்பதை இவ்வழக்கு வெளிப்படுத்தியது.

6. நோய் வரையறைக்குள் குடும்பம்

இதுவரை தாக்கத்தின் பக்கம் ஆராயப்பட்டது. நோயின் பக்கத்திலும் சமூகச் சூழல் நுழைந்திருப்பதை 10/66 மறதிநோய் ஆய்வுக்குழுவின் பணி தெளிவாகக் காட்டுகிறது. மறதிநோயாளரில் மூன்றில் இரு பங்கினரான 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, மக்கள் சார்ந்த ஆய்வுகளில் 10 விழுக்காட்டிற்கும் குறைவானவையே அந்நாடுகளில் நடைபெற்றன என்பதே அப்பெயரின் பொருள். 1998-இல் கொச்சியில் நடந்த கூட்டத்தில் தொடங்கிய இக்குழுவிற்கு இந்தியாவில் சென்னை நகர்ப்புறக் களமாகவும் வேலூர் கிராமப்புறக் களமாகவும் அமைந்தன.

இக்குழு 7 நாடுகளின் 11 களங்களில் 65 வயதைக் கடந்த 14,960 பேரிடம் திரட்டிய முடிவுகள் 2008-இல் லான்செட் இதழில் வெளிவந்தன. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நான்காம் பதிப்புக் கையேட்டின் வரையறைப்படி நோய்ப்பரவல் கியூபாவில் 6.3 விழுக்காடு, இந்தியக் கிராமப்புறத்தில் 0.3 விழுக்காடு. கல்வி மட்டத்தால் மாறுபடாதவாறு உருவாக்கிச் சோதிக்கப்பட்ட 10/66 வரையறையைப் பயன்படுத்தியபோது, அதே கிராமப்புற மக்களிடையே நோய்ப்பரவல் பல மடங்கு உயர்ந்தது. மக்கள் மாறவில்லை, வரையறையே மாறியது.

இவ்வேறுபாட்டின் காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கையேட்டின் வரையறை நினைவிழப்பு மட்டும் போதாது எனக் கொள்கிறது. அவ்விழப்பு முந்தைய நிலையிலிருந்து கண்ட சரிவாக இருக்கவேண்டும். தொழிலிலோ சமூக வாழ்விலோ குறிப்பிடத்தக்க பாதிப்பை ஏற்படுத்தியிருக்கவேண்டும். அச்சரிவைச் சொல்பவர் வீட்டிலுள்ள தகவலாளர். வளர்ச்சி குறைந்த களங்களில் உறவினர்கள் சரிவையும் பாதிப்பையும் குறைவாகவே தெரிவித்தனர் என்பதை ஆய்வுக்குழு சுட்டியது.

தமிழகக் கிராமக் குடும்பத்தில் முதியவரின் பொறுப்புகள் மெல்ல மெல்லப் பிறர் கைக்கு மாறுகின்றன. கணக்கு வழக்கை மகன் ஏற்கிறார்; சமையலை மருமகள் ஏற்கிறார்; முதியோர் உதவித்தொகையை வாங்கப் பேரன் உடன் செல்கிறார். பொறுப்பு இல்லாத இடத்தில் தவறு வெளிப்படுவதில்லை. வெளிப்பட்ட தவறும் 'வயதாகிவிட்டது' என்னும் சொல்லால் அமைதி பெறுகிறது. இது குடும்பத்தின் அறியாமையன்று. முதுமைக்கு அக்குடும்பம் அளிக்கும் இடமே அத்தகையது. மாறாக, தனித்து வாழ்ந்து தானே வங்கிக்குச் சென்று, தானே மருந்து வாங்க வேண்டிய முதியவரிடம் அதே அளவு மறதி விரைவில் 'பாதிப்பாக' வெளிப்படும். ஆகவே குடும்ப அமைப்பு, சமூக ஆதரவு என்னும் மாறிகள் நோய் வரையறைக்குள்ளேயே பொதிந்துள்ளன. இவ்வரையறையைக் கொண்டு 'குடும்ப ஆதரவு மறதிநோயைக் குறைக்கிறது' என நிறுவினால், அது நோய் குறைந்ததைக் காட்டுகிறதா, நோய் தெரியாமற்போனதைக் காட்டுகிறதா எனச் சொல்ல இயலாது.

லாசி-டாட் ஆய்வு இவ்விடரை ஓரளவு களைந்தது. இந்திய முதியோர் நெடுங்கால ஆய்வான லாசியின் கிளையாக அமைந்த இது, 60 வயதைக் கடந்த 4,096 பேரிடம் எழுத்தறிவு இல்லாதோருக்கும் ஏற்றவாறு திருத்திய சோதனைகளை அவரவர் மொழியில் நடத்தியது, தகவலாளரிடமும் வினவியது, ஒரு பகுதியினரின் தரவை மருத்துவர் குழு தனித்தனியே மதிப்பிட்டு முடிவு கண்டது. அதன் அடிப்படையில் இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரிடையே நோய்ப்பரவல் 7.4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர் என 2023-இல் கணிக்கப்பட்டது. பெண்களிடமும் கிராமப்புறத்திலும் நோய் மிகுதி என்றும் அது காட்டியது. வயது வரம்பும் முறையும் வேறுபடுவதால் இதனை 0.3 விழுக்காட்டோடு நேரே ஒப்பிடலாகாது. எனினும் கிராமத்தில் மறதிநோய் அரிது என்னும் பழைய தோற்றம் கருவியின் விளைவாகவும் இருந்திருக்கலாம் என்பதை இது வலுப்படுத்துகிறது.

7. உயிர்க்குறியீடுகள் தீர்வாகுமா?

சோதனையும் தகவலாளரும் சூழலால் பாதிக்கப்படுவதாயின், இரத்தத்திலோ மூளைத்திசுவிலோ நோயை நேரடியாக அளக்கலாம் என்னும் வாதம் எழுவது இயல்பு. இது ஓரளவே பொருந்தும். மூளைதானம் செய்வோர் பெரும்பாலும் கல்வி மிகுந்தோரும் ஆய்வு மையங்களோடு தொடர்புடையோரும் ஆவர். இரத்தத்தில் அளக்கப்படும் டௌ புரதம் சிறுநீரகச் செயற்குறைவால் உயர்வதுண்டு. சிறுநீரக நோய் உழைப்புச் சூழலோடும் நீரிழிவுக் கட்டுப்பாட்டோடும் பிணைந்தது. எனவே சமூகச் சூழல் இங்கும் பிறிதொரு வழியில் நுழைகிறது. மேலும், உயிர்க்குறியீடு அல்சைமர் மாற்றத்தைச் சொல்லுமேயன்றி, ஒருவர் தம் வாழ்வை நடத்துவதில் என்ன இழந்தார் என்பதைச் சொல்லாது. பராமரிப்புத் தேவையைத் தீர்மானிப்பது இரண்டாவதே.

8. அளவீட்டில் மேற்கொள்ளத்தக்க மாற்றங்கள்

மேற்கண்ட ஆய்விலிருந்து தமிழ்ச்சூழலில் நிகழும் ஆய்வுகளுக்குச் சில நெறிகளைப் பெறலாம்.

முதலாவதாக, முகவரிக்கு மாற்றாக வாழிட வரலாற்றைப் பதிவு செய்தல். பிறந்த ஊர், பெண்களாயின் மணமாகிச் சென்ற ஊர், பிழைப்புக்காகப் பெயர்ந்த நகரம், ஒவ்வொன்றிலும் வாழ்ந்த காலம் ஆகியவற்றைக் கேட்டறிதல் இயலாத செயலன்று. கிராமத்தோடு தெருவையும் குறித்தால் சராசரியில் மறையும் வேறுபாடு வெளிவரும்.

இரண்டாவதாக, பள்ளியாண்டுகளோடு இப்போதைய வாசிப்புத் திறனையும் பள்ளியை விட்ட காரணத்தையும் பதிவு செய்தல். வறுமையால் நின்றவரையும், பூப்பெய்தியமையால் நிறுத்தப்பட்டவரையும், ஊரில் பள்ளியே இல்லாதவரையும் ஒரே எண்ணில் அடக்கலாகாது.

மூன்றாவதாக, தகவலாளரிடம் பொதுவாகச் 'சரிவு உண்டா' எனக் கேட்பதைத் தவிர்த்து, ஒவ்வொரு பணியையும் முன்பு யார் செய்தார், இப்போது யார் செய்கிறார், எப்போது ஏன் மாறியது என வினவுதல். தகவலாளர் யார், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உடனிருக்கிறார் என்பதும் தரவின் பகுதியாக வேண்டும். நாளெல்லாம் உடனிருக்கும் மருமகளின் விடையும், மாலையில் மட்டும் காணும் மகனின் விடையும் ஒன்றாகா.

நான்காவதாக, ஒரே அளவு அறிதிறன் உடைய இருவேறு குழுவினர் ஒரு வினாவுக்கு வெவ்வேறு விதமாக விடையளிக்கின்றனரா என ஒவ்வொரு வினாவையும் சோதித்தல். அதன் பின்னரே மொத்த மதிப்பெண்ணைக் குழுக்களிடையே ஒப்பிடுதல் தகும்.

ஐந்தாவதாக, நோய்ப்பரவலை ஒற்றை எண்ணாகத் தராமல் குறைந்தது இரண்டு வரையறைகளின்படி தருதல். அவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியே ஒரு சமூகத்தில் நோய் எவ்வளவு கண்ணுக்குப் புலப்படாதுள்ளது என்பதன் அளவாக அமையும்.

9. முடிவுரை

சமூக, சூழல் தாக்கங்களை மறதிநோய் ஆய்வில் சேர்க்கவேண்டும் என்னும் கோரிக்கை வென்றுவிட்டது. அவற்றை எவ்வாறு சேர்ப்பது என்பதே இனி எழும் வினா. காரணிப் பட்டியல் எளிதில் அளக்கத்தக்கதையே முதன்மைப்படுத்துகிறது. வாழிடச் சுட்டெண் வீட்டு விலையையும் இறுதி முகவரியையும் சார்ந்து நிற்கிறது. கல்வியாண்டுகள் பள்ளியின் தரத்தை மறைக்கின்றன. நோய் வரையறை குடும்பத்தின் பார்வையை உள்ளடக்கியுள்ளது. இவை தனித்தனிக் குறைகள் போலத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றே: சூழலை நோய்க்குப் புறத்தே நிற்கும் ஒரு காரணியாக மட்டும் கருதுவதால் எழும் குறை.

இதன் விளைவு ஆய்வேட்டோடு நிற்பதன்று. நோய்ப்பரவல் 0.3 விழுக்காடு எனக் கொண்டால் ஒரு கிராமப்புற வட்டத்திற்கு நினைவாற்றல் மருத்துவமனையோ, பகல்நேரப் பராமரிப்பு இல்லமோ, பராமரிப்போருக்கான உதவித்தொகையோ தேவையற்றதாகத் தோன்றும். எழுத்தறிவற்றோருக்குப் பொருந்தாச் சோதனையைக் கொண்டால் நலமுடன் உள்ள மூதாட்டியும் நோயாளி எனக் குறிக்கப்படுவார். எந்தக் கருவியைக் கையிலெடுப்பது என்னும் முடிவு, யாருக்கு உதவி சென்றடையும் என்னும் முடிவாகவும் அமைகிறது. ஆகவே, அளவுகோலைச் செப்பம் செய்வது புள்ளியியல் நுட்பம் மட்டுமன்று. மறதிநோய் ஆய்வின் அறக்கடமையும் ஆகும்.